பவர் கைட் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பவர் கைட் என்பது ஆளை இழுக்கிற பட்டம். ஒற்றை நூலில் பட்டம் விட்டுப் பழகிய கை இதற்கு ஓரளவுதான் உதவும்; சில இடங்களில் அந்தப் பழக்கமே காலை வாரும். அங்கே நூலை விட்டும் இழுத்தும் உயரம் ஏற்றுவோம். இங்கே நூலின் நீளம் மாறவே மாறாது. 20 முதல் 25 மீட்டர் நீளத்தில் இரண்டு, மூன்று அல்லது நான்கு நூல்கள், அவற்றின் முனையில் கைப்பிடிகளோ, இரு கையாலும் பிடிக்கிற ஒற்றைக் கம்பியான பாரோ இருக்கும். மேலே போவது குச்சியே இல்லாத துணி. அறை அறையாகத் தைத்திருப்பார்கள். முன்விளிம்பில் இருக்கும் வாய்கள் வழியாகக் காற்று புகுந்ததும் துணி உப்பி விமான இறக்கையின் வடிவத்துக்கு வந்துவிடும். டொமினா ஜால்பர்ட் 1960-களில் வடிவமைத்த பாராஃபாயில்தான் இந்த வகைக்கு மூலம். இறக்கை வடிவம் வந்துவிட்டதால் அது காற்றில் சும்மா மிதப்பதில்லை, பாய்கிறது. இழுவை முழுக்க அந்தப் பாய்ச்சலில் இருந்துதான் வருகிறது.

கீழே விழுந்து சிராய்த்துக்கொண்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் காற்றின் மேல்தான் பழி போடுவார்கள். "திடீரென்று இழுத்துவிட்டது" என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் பட்டத்தின் அளவு, நின்ற இடம், நூல் கட்டிய விதம் என்று ஏதோ ஒன்று, பட்டம் தரையில் கிடக்கும்போதே தப்பாகியிருப்பது தெரியவரும். அதனால் இந்தக் கட்டுரையில் பறக்கவிடும் வித்தையைவிட அதற்கு முன்னால் நடக்கும் வேலைகளைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

பெரிய பட்டம் வாங்குவது

முதல் தவறு வாங்கும்போதே நடக்கிறது. "எனக்கு 80 கிலோ எடை, 2 சதுர மீட்டர் பட்டம் என்னை என்ன செய்துவிடும்?" என்ற நினைப்பில் 4, 5 சதுர மீட்டருக்குப் போய்விடுகிறார்கள். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுப்பதுபோல ஒரு அளவு கூட்டி வாங்கும் புத்தி இந்த விஷயத்தில் ஆகாது.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். காற்று தரும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று 30 ஆனால் இழுவை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 15 கிலோமீட்டர் 21 ஆனாலே இரண்டு மடங்கை நெருங்கிவிடும். 15-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தோல் சரியாக உணர்வதுகூட இல்லை. "காற்று கொஞ்சம் நன்றாக வருகிறது" என்று சந்தோஷப்படுவோம், அவ்வளவுதான். கையில் இருக்கும் பட்டத்துக்கு அது வேறு உலகம்.

இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. பட்டம் பாயும்போது அதற்குத் தெரிகிற காற்று நமக்குத் தெரிகிற காற்று அல்ல. அதன் சொந்த வேகமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. தலைக்கு மேலே அசையாமல் நிறுத்தி வைத்திருக்கும்போது பை தூக்குகிற அளவுக்குத்தான் இழுக்கும் பட்டத்தை, நமக்கு நேர் எதிரே தாழ்வாக ஒரு வீச்சு வீசினால் ஆளைப் பெயர்த்து நாலு அடி நடக்கவைக்கும். கடையிலோ நண்பர் வீட்டு மொட்டை மாடியிலோ தலைக்கு மேல் பிடித்துப் பார்த்துவிட்டு "இது ஒன்றும் இழுக்கவில்லையே" என்று பெரிய அளவுக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சராசரி எடையுள்ள பெரியவருக்கு முதல் பட்டமாக 2 முதல் 3 சதுர மீட்டர் தாராளம். 50 கிலோவுக்கும் குறைவானவர்கள் இன்னும் சின்னதாக எடுக்கலாம். அதற்காக ஒரேயடியாகச் சின்னதுக்கும் போக வேண்டாம். ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான பட்டம் கண் சிமிட்டும் நேரத்தில் திரும்பும், கை பழகாதவரால் அதன் பின்னால் ஓட முடியாது.

அளவைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில பட்டங்களில் எழுதியிருக்கும் எண் பரப்பளவு. சிலவற்றில் அது இறக்கையின் அகலம். 1.8 என்று போட்டிருந்தால் அது 1.8 சதுர மீட்டராக இருக்கலாம், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 1.8 மீட்டராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இழுவையில் நிறையவே வித்தியாசம். விவரக் குறிப்பில் சதுர மீட்டர் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"காற்று குறைவாகத்தானே இருக்கிறது, பெரிய பட்டத்தை எடுத்தால் என்ன?" என்பது இதே தவறின் இன்னொரு முகம். அனுபவசாலிகள் அப்படித்தான் செய்கிறார்கள், உண்மைதான். ஆனால் காற்று ஏறினால் அந்தப் பெரிய பட்டத்தைப் பத்திரமாக இறக்க அவர்களுக்குத் தெரியும். ஏற்ற மட்டும் தெரிந்தவருக்குக் காற்று ஏறியபின் கையில் இருப்பது இறக்க முடியாத பட்டம்.

எந்த வகை, புதியதா பழையதா

இரண்டு நூல் பட்டம் எளிது, இடது வலது மட்டும்தான். நான்கு நூல் பட்டத்தில் மேல் நூல் இரண்டும் இழுவைக்கு, கீழ் நூல் இரண்டும் பின்விளிம்பை இழுத்துப் பட்டத்தை அடக்கும் பிரேக்குக்கு. மூன்று நூல் பட்டத்தில் மூன்றாவது நூல் பாதுகாப்பாக இறக்குவதற்கும் விழுந்ததைத் திரும்ப எழுப்புவதற்கும். வெறுமனே விளையாடத்தான் என்றால் இரண்டு நூல் போதும். பிறகு மூன்று சக்கர பக்கி, சக்கரப் பலகை என்று போக ஆசை இருந்தால் கைப்பிடியுள்ள நான்கு நூலில் தொடங்குவது நல்லது என்பது என் கட்சி. கடலில் கைட் சர்ஃபிங், அதாவது பட்டம் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீர் மேல் போக வேண்டும் என்பவர்கள் பாருடன் வரும் மூன்று நூல் பயிற்சிப் பட்டத்தை எடுக்கிறார்கள், அது அவர்களுக்குப் பொருத்தம்.

பெரிய தப்பு என்று நான் சொல்வது, கைட் சர்ஃபிங் செய்பவர் கழித்துவிட்ட 9 அல்லது 12 சதுர மீட்டர் காற்றடைத்த பட்டத்தை மலிவாக வாங்கி வந்து தரையில் பழகுவதை. முன்விளிம்பில் காற்றடைத்த அந்த வகைக்குப் பிரான்சின் லெகெனூ சகோதரர்கள் 1984-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததே தண்ணீரில் விழுந்தாலும் மிதந்து மறுபடி எழும்ப வேண்டும் என்பதற்காகத்தான். அதன் அளவும் ஆளைத் தண்ணீரின் மேல் இழுத்துக்கொண்டு போகக் கணக்கிட்டது. தரையில் இழுத்தால் கீழே இருப்பது தண்ணீர் அல்ல.

பழைய பட்டம் வாங்குவதில் தப்பில்லை, சோதிக்காமல் வாங்குவதுதான் தப்பு. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசித் துளைகளும் ஒட்டுப் போட்ட இடங்களும் தெரிந்துவிடும். அப்புறம் துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். நல்ல துணி காற்றை விடாது. ஊதிய காற்று மறுபுறம் வந்தால் துணியின் மேற்பூச்சு போய்விட்டது, பட்டம் உப்பாமல் சோம்பிப் பறக்கும். கடைசியாகச் சூத்திரக் கயிறுகள், அதாவது துணியிலிருந்து இறங்கி நூலோடு சேரும் சன்னக் கயிறுகள். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து நீளம் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். யாரோ அறுந்ததை முடிச்சுப் போட்டுச் சரிசெய்திருந்தால் அந்தப் பக்கம் அரை விரல் அளவு குறைந்திருக்கும்; பட்டம் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே பறக்கும்.

காற்றைப் படிக்காமல் பட்டத்தைப் பிரிப்பது

பழகுகிறவருக்கு மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் காற்று நல்லது. காற்றின் வலுவை எண்ணால் சொல்லும் ப்யூஃபோர்ட் அளவுகோலில் அது மூன்றாம் எண். இலைகளும் சின்னக் குச்சிகளும் ஓயாமல் ஆடும், லேசான கொடி விரிந்து நிற்கும். நான்காம் எண்ணில், அதாவது 20 முதல் 28 வரை, தூசியும் காகிதமும் கிளம்பும், சின்னக் கிளைகள் ஆடும். சின்னப் பட்டமாக இருந்தாலும் அங்கே கவனம் வேண்டும். சின்ன மரங்களே அசையத் தொடங்கினால் அது ஐந்து, அன்று வேடிக்கை பார்க்கும் நாள்.

ஆனால் சராசரி வேகத்தை மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. எல்லாவற்றையும்விட முக்கியம் காற்று எவ்வளவு சீராக வருகிறது என்பது. 18 கிலோமீட்டரில் சீராக வீசும் காற்று, 8-க்கும் 25-க்கும் இடையே ஏறி இறங்கும் காற்றைவிட எவ்வளவோ மேல். இரண்டாவது வகைக் காற்றில், அடங்கும் நொடியில் நூல் தளர்ந்து பட்டம் துவண்டு சரியும். அடுத்த நொடி பொத்தென்று காற்று நிறைந்து, நூல் விறைத்து, தோள்மூட்டோடு சேர்த்து இழுக்கும். கையடக்கக் காற்றுமானி வைத்திருப்பவர்கள் ஒரு தடவை உயர்த்திப் பிடித்து எண்ணைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று நிமிடம் பிடித்து, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தால் பட்டம் பைக்குள்ளேயே இருக்கட்டும். நம் தலை உயரத்தில் அளக்கும் காற்றைவிட மேலே 20 மீட்டரில் காற்று வலுவாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காற்று ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? பெரும்பாலும் அது வரும் வழியில் எதன் மேலாவது மோதி வருவதால்தான். மரவரிசை, கட்டடம், மண்மேடு எதுவானாலும் அதைத் தாண்டி வரும் காற்று சுழன்றுகொண்டுதான் வரும். தடையின் உயரத்தைப் போல் 7 முதல் 10 மடங்கு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது பட்டக்காரர்களின் பொதுவான கணக்கு. 10 மீட்டர் மரம் என்றால் 100 மீட்டர். மைதானத்தின் ஓரத்தில் நிழலுக்காக மரத்தடியில் நின்றுகொண்டு பட்டம் ஏன் தள்ளாடுகிறது என்று சூத்திரக் கயிற்றை அவிழ்த்து ஆராய்கிறவர்கள் உண்டு. மேட்டு உச்சியும் பாறை விளிம்பும் இதைவிட மோசம். அங்கே காற்று மேல்நோக்கி ஏறும், பட்டத்தோடு ஆளையும் தூக்கப் பார்க்கும்.

கடற்கரையில் கடலிலிருந்து கரைக்கு வரும் காற்று சீராக இருக்கும், வழியில் மோத எதுவும் இல்லையே. நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்று நேர்மாறு. கட்டடங்களில் மோதிக் குழம்பி வரும். அதோடு, பட்டத்தைக் கைவிட நேர்ந்தால் அது கடலுக்குள் போகும். அதைப் பிடிக்கத் தண்ணீரில் இறங்கத் தோன்றும், இறங்கக் கூடாது.

இடி இருட்டிக்கொண்டு வரும்போது பட்டம் விடுவது 1752-ஆம் ஆண்டின் பெஞ்சமின் பிராங்க்ளினோடு போகட்டும். நனைந்த நூலில் மின்சாரம் பாயும். மின்னலுக்கு முன்பே வருகிற ஆபத்து இன்னொன்று. மழை மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று மழைக்கு முன்னால் ஓடி வரும். வெயிலோடு வீசிக்கொண்டிருந்த காற்று ஒரு நிமிடம் செத்துப்போய், பிறகு வேறு திசையிலிருந்து சில்லென்று வந்தால் அதுதான் அறிகுறி. அப்போது பட்டம் மேலே இருக்கக் கூடாது.

இடம்

25 மீட்டர் நூல் என்றால் பட்டம் அரைவட்டமாக 50 மீட்டர் அகலத்தைத் துடைத்துக்கொண்டு போகும். நீங்கள் இழுபடப் போவதையும் சேர்த்தால், இரண்டு பக்கமும் தலா 50 மீட்டரும் காற்று போகும் திசையில் 100 மீட்டரும் ஆளில்லாமல் இருக்க வேண்டும். காற்று வரும் பக்கத்தில், உங்கள் முதுகுக்குப் பின்னால் வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்கலாம், வேறு எங்கும் வேண்டாம்.

ஆட்கள் ஏன் விலக வேண்டும் என்பது பலருக்குப் பட்டத்தைப் பார்த்தால் புரிவதில்லை. துணிதானே, மேலே விழுந்தால் என்ன என்று நினைக்கிறார்கள். ஆபத்து நூலில்தான். டைனீமா என்று சொல்லப்படும் பாலிஎதிலீன் இழையில் செய்த நூல் சன்னமானது, பத்தடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஒரு ஆளின் எடையைவிட அதிகம் தாங்கும். விறைத்து நிற்கும்போது அது கத்தி. பட்டம் தாழப் பறக்கும்போது நூல் முழங்கால் உயரத்திலிருந்து கழுத்து உயரம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கும். குழந்தையோ நாயோ நூலின் பக்கம் ஓடி வந்தால் பட்டத்தைத் தலைக்கு மேலே ஏற்றி நிறுத்துங்கள் அல்லது உடனே இறக்கிவிடுங்கள். "தள்ளிப் போ" என்று கத்திக்கொண்டே தொடர்ந்து வீசுவதில் பயனில்லை. நீங்களும் எக்காரணம் கொண்டும் விறைத்த நூலைக் கையால் பிடிக்கவோ விரலில் சுற்றவோ கூடாது.

மின்கம்பி பக்கத்தில் இருக்கக் கூடாது. கம்பியில் பட்டம் சிக்கினால் அது போனதுதான், இழுத்து எடுக்க முயலாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். விமான நிலையத்தின் சுற்றுப்புறமும் சாலையோரமும் அப்படித்தான்.

நூல் கட்டும்போது

நான் பார்த்தவரை ஆரம்பநிலைக்காரர்களின் பொறுமை தீர்ந்துபோகும் இடம் இதுதான். காற்று நன்றாக வீசுகிறது, பட்டம் புதிது, கை பரபரக்கிறது. நூலைச் சர்ரென்று உருவி எறிகிறார்கள், அரைமணி நேரம் சிக்கெடுக்கிறார்கள்.

வரிசை இதுதான். முதலில் தரையில் முளை அடியுங்கள், தலை பட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். கைப்பிடிகளை முளையில் மாட்டிவிட்டுக் காற்று போகும் திசையில் நடந்துகொண்டே நூலைப் பிரியுங்கள். பட்டத்தைப் பின்விளிம்பு உங்கள் பக்கமோ முன்விளிம்பு உங்கள் பக்கமோ, அந்தப் பட்டத்தின் குறிப்பு சொல்கிறபடி விரித்து, பின்விளிம்பின் மேல் இரண்டு கை மணலை அள்ளிப் போடுங்கள். மணல் இல்லாத இடத்தில் நிறைத்த தண்ணீர் பாட்டில் போதும், கல் வேண்டாம், துணியைக் கிழிக்கும். இதைச் செய்யாமல் பட்டத்தை விரித்துவிட்டு நூலை எடுக்கப் போனால், ஆளில்லாத பட்டம் எழும்பிக் கைப்பிடிகளைத் தரையில் அடித்து இழுத்துக்கொண்டு ஓடும். எதிரே வருகிறவருக்கு அந்தக் கைப்பிடிதான் ஆயுதம்.

நான்கு நூல் பட்டத்தில் முளையில் மாட்ட வேண்டியது கைப்பிடியின் பிரேக் பக்கத்தை. அப்படி மாட்டினால் பிரேக் இழுபட்ட நிலையில் பட்டம் அடங்கிக் கிடக்கும். மேல்பக்கத்தை மாட்டினால் முளையில் கட்டிய பட்டம் தானே பறக்கத் தொடங்கும்.

நூலையும் பட்டத்தையும் இணைக்கும் இடத்தில் நூல் முனையின் கண்ணியை மடித்து, பட்டத்தின் கயிற்றில் இருக்கும் முடிச்சின் பின்னால் சுருக்கினால் போதும். இழுக்க இழுக்க இறுகும், முடித்தபின் சுலபமாகக் கழலும். அறுந்துபோன டைனீமா நூலை வெறும் முடிச்சுப் போட்டு இணைப்பது பலர் செய்யும் தவறு. முடிச்சு விழுந்த இடத்தில் அந்த இழையின் வலு ஏறத்தாழப் பாதியாகக் குறையும், வழுக்கும் தன்மையால் முடிச்சும் நழுவும். நூல் முனைகளில் தடித்த உறை போட்டுத் தைத்திருப்பதே அதற்காகத்தான். இதே இழை 150 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே உருகிவிடும். இரண்டு பட்டக்காரர்களின் நூல்கள் குறுக்கே மாட்டி, ஓடும் நூல் நிற்கும் நூலின் ஒரே இடத்தில் உரசினால், உரசல் சூட்டிலேயே அறுந்துவிடும். பக்கத்தில் இன்னொருவர் பறக்கவிட்டால் விலகிப் போங்கள்.

நூல் முறுக்கிக்கொண்டால் பதறவே வேண்டாம். பட்டம் ஒரே பக்கம் நாலு சுற்று சுற்றினால் நூலும் நாலு சுற்று முறுக்கியிருக்கும், இருந்தாலும் இந்த நூல் வழுவழுப்பானது என்பதால் பட்டம் சொன்னபடி கேட்கும். எதிர்ப்பக்கம் நாலு சுற்று விட்டால் சரி. அதற்குப் பதில் ஆளே உடம்போடு சுழன்று, திசை தெரியாமல், பட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதைப் பார்க்கலாம்.

இனி ஒரு நுணுக்கம். புதுப் பட்டம் முதல் சில வாரம் அருமையாகப் பறக்கும், அப்புறம் எழும்பவே தயங்கும், எழும்பினாலும் பின்னோக்கிச் சரிந்து படபடவென்று விழும். பட்டம் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கெட்டதில்லை. இழுவையைத் தாங்கும் மேல் நூல்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன, பிரேக் நூல்கள் அப்படியே இருக்கின்றன. ஆக, எந்நேரமும் பிரேக் பிடித்தபடியே பட்டம் பறக்கிறது. நான்கு நூல்களின் ஒரு முனையையும் ஒரே முளையில் மாட்டி, மறுமுனைகளைச் சேர்த்து இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சில சென்டிமீட்டர் போதும், பட்டத்தின் குணமே மாறிவிடும். கைப்பிடியின் கீழ்க் கயிற்றில் வரிசையாக முடிச்சுகள் இருக்குமே, அவற்றில் பிரேக் நூலை ஒரு முடிச்சு வெளியே தள்ளி மாட்டினால் தளர்ந்துவிடும். பட்டம் தலைக்கு மேலே நிற்கும்போது பிரேக் நூல்கள் லேசாகத் தொய்ந்து வில்போல் வளைந்திருந்தால் அளவு சரி. பிரேக்கை முழுக்க இழுத்தும் பட்டம் இறங்கவில்லை என்றால் ரொம்பத் தளர்ந்துவிட்டது, ஒரு முடிச்சு உள்ளே.

எழுப்புவதும் ஓட்டுவதும்

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், பட்டம் பறக்கக்கூடிய வெளி உங்கள் எதிரே கால்வாசி உருண்டையாக இருக்கும். பட்டக்காரர்கள் இதை விண்ட் விண்டோ என்பார்கள். தலைக்கு நேர் மேலே 12 மணி, இடது ஓரம் 9 மணி, வலது ஓரம் 3 மணி. ஓரங்களிலும் உச்சியிலும் இழுவை குறைவு. நேர் எதிரே, தாழ்வான நடுப்பகுதியில் இழுவை உச்சம். புதியவர்கள் பெரும்பாலும் பட்டத்தை நேர் எதிரே வைத்து எழுப்புகிறார்கள்; அது எழும்பிப் போகிற வழி முழுக்க அந்த நடுப்பகுதிதான். லேசான காற்றில் அது பரவாயில்லை. காற்று வலுவாக இருந்தால் பட்டத்தை ஒரு ஓரமாக வைத்து, ஓரத்தோடு ஒட்டி மேலே ஏற்றுங்கள்.

நண்பரைப் பட்டத்தைப் பிடித்து நிற்கச் சொல்லி, "விடு" என்று தூக்கி எறியச் சொல்வதும் தேவையில்லாதது. துணி காற்றைப் பிடித்ததும் மேல் நூல்களில் ஒரு சுண்டு, தானாக எழும். நண்பர் நிற்கும் இடமோ நூலுக்கும் பட்டத்துக்கும் நடுவில்.

பாரைப் பிடித்தவர்கள் அதைக் கார் ஸ்டீயரிங் மாதிரி சுற்றுவார்கள். அது ஒன்றும் செய்யாது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்க முனையை மார்பை நோக்கி இழுக்க வேண்டும், அவ்வளவுதான். கைப்பிடிக்காரர்களின் தவறு வேறு. பயத்தில் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விடும். கை உயரே போனால் வலுவும் போய்விட்டது, அடுத்த இழுப்பில் குப்புற விழுவோம். முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும், ஒரு கால் முன்னால், முழங்கால் சற்று மடங்கி, இடுப்பு தாழ்ந்து.

பட்டம் தலைகீழாகத் தரையை நோக்கிப் பாயும்போது கை தானாக இரண்டு நூலையும் சேர்த்து இழுக்கும். அதனால் பட்டம் இன்னும் வேகமாகத்தான் பாயும். தலைகுத்தாக விழுந்தால் அறைக்குள் அடைபட்ட காற்றுக்குப் போக வழியில்லாமல் தையல் பிரிந்துவிடும், சில சமயம் துணியே வெடிக்கும். அந்த நேரத்தில் பட்டத்தை நோக்கி வேகமாக நாலு எட்டு வைக்க வேண்டும். நூல் தளரும், மோதல் மெத்தென்று இருக்கும். இழுவை அதிகமாகிறது என்று தோன்றினாலும் அதே மருந்துதான். இழுவையை எதிர்த்துப் பின்னால் நடந்தால் கூடும், முன்னால் நடந்தால் குறையும்.

முதல் நாட்களில் உச்சியை ஒட்டிப் படுத்த எட்டுப் போட்டுப் பழகுங்கள். அது தானாக வரத் தொடங்கியபின் எட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ இறக்கலாம்.

கையை விடத் தெரியாதது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். இழுவை கூடக் கூட மனிதக் கை இறுக்கித்தான் பிடிக்கும். கைப்பிடியை விட்டால் பட்டம் போய்விடுமே என்ற ஆசை ஒரு பக்கம். 30 மீட்டர் தரையில் தேய்ந்துகொண்டே போனவர்கள் பலரும் ஏன் விடவில்லை என்று கேட்டால் "தோன்றவே இல்லை" என்றுதான் சொல்வார்கள்.

அதற்காக வந்ததுதான் கைட் கில்லர். மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு கயிறு, அதன் மறுமுனை பிரேக் நூலோடு. கைப்பிடியை விட்டதும் மேல் நூல்கள் தளர்ந்து, பிடி முழுக்கப் பிரேக் நூல்களுக்கு மாறும். பட்டம் பின்விளிம்பு மடங்கிக் கொடிபோலப் படபடத்துக்கொண்டு தரையில் இறங்கும். பட்டமும் போகாது, ஆளும் இழுபடமாட்டார். இதை மணிக்கட்டில் மாட்டிவிட்டு பிரேக் நூலோடு இணைக்க மறப்பவர்கள் உண்டு. இணைத்துவிட்டு ஒருநாளும் சோதிக்காதவர்கள் அதைவிட அதிகம். லேசான காற்றுள்ள நாளில், பட்டம் உச்சியில் இருக்கும்போது, வேண்டுமென்றே கையை விடுங்கள். பல தடவை விடுங்கள். ஆபத்தில் யோசித்து விட முடியாது, பழகிய கைதான் விடும்.

இதற்கு நேர் எதிரான காரியம், தன்னைப் பட்டத்தோடு கட்டிக்கொள்வது. தொடக்கத்திலேயே பட்டத்தை இடுப்பு ஹார்னஸில் (இழுவையை இடுப்பு தாங்கும் பட்டையில்) மாட்டுவது, கைப்பிடியை பெல்ட்டில் சுற்றுவது, பட்டத்தை வண்டியிலோ மரத்திலோ கட்டுவது, ரெண்டு நண்பர்கள் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வது எல்லாம் ஒரே ரகம். நகர முடியாத ஆள் மேல் காற்றின் விசை முழுசாக இறங்கும். முன்னால் நாலு அடி நடந்து தப்பிக்கும் வழியும் அடைபட்டுவிடும்.

குதிப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கைட் சர்ஃபிங் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தரையில் பவர் கைட்டைத் தலைக்கு மேல் வீசி எம்பிப் பார்க்கிறார்கள். அவர்கள் குதிப்பது தண்ணீரின் மேல். அந்தப் பட்டத்தில் பாரைத் தள்ளினால் இழுவை குறையும். கைப்பிடியுள்ள சாதாரணப் பவர் கைட்டில் அந்த வசதி இல்லை. எம்பிய ஆள் பட்டத்தின் அடியைத் தாண்டிப் போய்விட்டால் நூல் தளர்ந்து பட்டம் சுருங்கிவிடும், பிறகு இறக்கிவிட ஒன்றுமில்லை. இரண்டு மீட்டர் உயரம் கணுக்காலுக்கும் முதுகெலும்புக்கும் போதும். ஹெல்மெட், கணுக்காலைப் பிடிக்கும் ஷூ, கையுறை இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றை நம்பிக் குதிக்காதீர்கள்.

பக்கிக்கு அவசரப்படுவதும் உண்டு. நியூசிலாந்தின் பீட்டர் லின் 1990 வாக்கில் செய்த மூன்று சக்கர வண்டிதான் இன்றைய பக்கிகளுக்கு முன்மாதிரி. காலால் முன்சக்கரத்தைத் திருப்பி, கையால் பட்டத்தை ஓட்ட வேண்டும். மேலே பார்க்காமலே பட்டம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிகிற நாள் வரை அதில் ஏற வேண்டாம்.

மூட்டை கட்டும்போது

ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், உப்பு தங்கினால் துணியை அரிக்கும், பறக்கவிடாத நேரத்தில் வெயிலில் விரித்துப் போட்டிருந்தால் நைலான் நைந்துபோகும். கடற்கரையில் அறைகளுக்குள் மணல் சேர்ந்துவிடும். பல பட்டங்களில் இறக்கை நுனியில் பின்விளிம்பு ஓரமாக வெல்க்ரோ வைத்த ஒரு வாய் இருக்கும். அதைத் திறந்து உதறினால் ஆச்சரியப்படும் அளவுக்கு மணல் கொட்டும். சின்னக் கிழிசல் என்றால் துணி காய்ந்தபின் இரண்டு பக்கமும் ரிப்ஸ்டாப் டேப் (பட்டத்துணியை ஒட்டும் நாடா) ஒட்டினால் போதும். தையலில் கிழிந்திருந்தால் தைக்கத்தான் கொடுக்க வேண்டும்.

நூலை வட்டமாகச் சுற்றாதீர்கள், சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறிவிடும். இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துப் பிடித்து எட்டு வடிவில் சுற்றினால் ஒரு பக்கம் ஏறும் முறுக்கு மறுபக்கம் இறங்கிவிடும். முடிந்தால் நூலைப் பட்டத்திலிருந்து கழற்றவே வேண்டாம். சூத்திரக் கயிறுகள் அனைத்தையும் துணியின் ஒரே பக்கம் இழுத்து விட்டு, பட்டத்தை நுனியிலிருந்து நடுவுக்கு மடித்துச் சுருட்டி, சுற்றிய கைப்பிடிகளைக் கடைசி மடிப்புக்கு வெளியே வைத்துக் கட்டுங்கள். அடுத்த தடவை முளையடித்துக் கைப்பிடியை மாட்டி நடந்தால், பட்டத்தை விரித்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.